இறப்புப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும்

 

இறந்துபோன ஒருவரின் பெயரால் கூடிப் பேசுவது நம் மன்றத்துக்குப் பழக்கமான வேலை. அதே வேலையை அரசு மன்றங்களும் செய்கின்றன. சட்டமன்றம், மாநகராட்சி, நகராட்சி, நம் வடக்கனந்தல் போன்ற பேரூராட்சி, எல்லாவற்றிலும் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கூட்டம் தொடங்குகிறது, தலைவர் ஒரு தாளை வாசிக்கிறார், உறுப்பினர்கள் எழுந்து நின்று தலை குனிகிறார்கள். பிறகு உட்கார்ந்து குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் போகிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சடங்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். யாருக்காக எழுந்து நின்றார்கள், யாருக்காக நிற்கவில்லை என்று கணக்கெடுத்தால், எவருடைய உயிரை இந்தச் சமூகம் உயிராக எண்ணியது என்பது தெரிந்துவிடும்.

ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் இறந்தவர்கள் இரண்டு ஏடுகளில் எழுதப்படுகிறார்கள். ஒன்று இறப்புப் பதிவேடு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். பெயர், வயது, பாலினம், இடம் எல்லாம் அதில் ஏறும். இந்த ஏட்டில் ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். இன்னொன்று மன்றத் தீர்மானப் புத்தகம், ஊழியர்கள் மினிட் புத்தகம் என்று சொல்வது. இரங்கல் தீர்மானம் இதில் ஏறும். முதல் ஏட்டில் எழுதுவது எழுத்தரின் கடமை. இரண்டாவதில் எழுதுவது மன்றத்தின் விருப்பம். எந்தச் சட்டமும் யாருக்கு இரங்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதனால்தான் அது ஆராயத் தகுந்தது.

சமூகவியல் படித்த மாணவர்களுக்கு எமில் துர்கைமைத் தெரிந்திருக்கும். 1912இல் வெளிவந்த சமயம் பற்றிய தன் நூலில் துக்கச் சடங்குகளைப் பற்றி அவர் ஒன்றை வலியுறுத்தினார். துக்கம் காப்பது என்பது தனி மனிதரின் மனவேதனை தானாக வெளிப்படுவது அல்ல, குழு தன் உறுப்பினர் மேல் சுமத்தும் கடமை என்பது அவர் வாதம். ஒருவருக்காகத் துக்கம் காக்கிறது என்றால் அந்தக் குழு அவரைத் தன்னவர் என்று ஒப்புக்கொள்கிறது என்றுதான் பொருள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளை வைத்து அவர் எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நம் ஊர்களில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடந்தது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். சாவுச் சேதி சொல்லப் போனவர் யார்? உறவுக்காரர் இருக்கும் ஊருக்கெல்லாம் வெயிலில் நடந்து போய், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பியவர் சேரிக்காரர். மோளம் அடித்தவர், பாடை கட்ட மூங்கில் வெட்டியவர், குழி வெட்டியவர், விறகு அடுக்கி விடியவிடிய எரித்தவர், எல்லோரும் அவர்தான். ஊரின் ஒவ்வொரு சாவையும் ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு நம் பாட்டன்மாரிடம் இருந்தது. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோது ஊரிலிருந்து யாரும் சேதி சொல்ல வரவில்லை, கேட்கவும் வரவில்லை. பிணத்தை எடுத்துப்போகப் பாதை கொடுத்தார்களா என்பதே பல ஊர்களில் சண்டை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி கைபேசியில் பரவி, உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பாலம் கட்டியதும் அரசு, மயானத்துக்குப் பாதை போட வேண்டியதும் அரசின் உள்ளாட்சி. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிணம் தொங்கியது.

இந்தப் பின்னணியில்தான் மன்றம் என்ற இடத்துக்கு நம்மவர்கள் போன கதையைப் பார்க்க வேண்டும்.

மன்றங்கள் முதலில் தம் உறுப்பினர்களுக்குத்தான் இரங்கும். இறந்தவர் உறுப்பினராகவோ முன்னாள் உறுப்பினராகவோ இருந்தால் அவர் பெயர் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். சென்னை மாநகராட்சி 1688இல் உண்டானது. இந்தியாவிலேயே பழைய நகர மன்றம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதன் மேயர் நாற்காலியில் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் முதலில் உட்கார்ந்தது 1937இல், ஜெ. சிவசண்முகம் பிள்ளை. இடையில் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள். அந்த நகரத்தின் கழிவை அள்ளியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அத்தனை ஆண்டுகளும் அங்கேதான் இறந்துகொண்டிருந்தார்கள். பின்னர் 1945-46இல் என். சிவராஜ் மேயரானார். சிவசண்முகம் பிள்ளை 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவராகவும் இருந்தார். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரங்கல் குறிப்பை வாசிக்கும் இடம் பேரவைத் தலைவருடையது. ஊர்ச்சாவுக்கு வாசலுக்கு வெளியே நின்று சேதி சொன்ன சமூகத்திலிருந்து வந்த ஒருவர், நாட்டின் பெரிய மனிதர்களின் சாவை அவையின் உயரமான இருக்கையிலிருந்து அறிவித்தார். வேலை பார்த்தால் ஒன்றுதான். இடம் மாறிவிட்டது. அந்த இடமாற்றத்துக்காகத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள்.

அவர்களுக்கு முன்னால் போனவர்கள் நியமன உறுப்பினர்கள். எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதச் சொன்னது. ஏட்டில் என்ன பெயர் ஏறுகிறது என்பதை நம் முன்னோடிகள் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்றது. அது அரசாணையாகி உள்ளாட்சிகளுக்குப் போனது. தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்தும் நாராயணபுரத்தில் மயானத்துக்கு வழி மறுக்கப்பட்டது என்பதால் அந்தத் தீர்மானம் வீண் என்று ஆகிவிடாது. வழி மறித்தவனைச் சட்டத்துக்கு எதிரானவன் என்று சொல்ல நம் கையில் தாள் வந்தது அன்றுதான்.

நம் பகுதி அன்றைய தென்னார்க்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் பெரிய பெயர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1926இலிருந்து மேலவையிலும் பின்பு சட்டமன்றத்திலுமாக நீண்ட காலம் உறுப்பினர். 1959 மே 1 அன்று, உறுப்பினராக இருக்கும்போதே மறைந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் போய் அந்தப் பள்ளியில் சோறும் எழுத்தும் பெற்ற தலைமுறை உண்டு. இன்று கள்ளக்குறிச்சிக் கல்லூரி மாணவரிடம் அவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவைக் குறிப்பில் ஏறுவதும் மக்கள் நினைவில் நிற்பதும் வேறுவேறு.

அயோத்திதாசப் பண்டிதர் எந்த மன்றத்திலும் உறுப்பினர் இல்லை. 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்தி 1914 மே 5 அன்று மறைந்தார். அவர் எழுத்துகள் 1990களின் இறுதியில் தொகுதிகளாக வரும்வரை பல்கலைக்கழகங்களுக்கே அவர் அந்நியர். 2021இல்தான் அவருக்கு மணிமண்டபம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. இடையில் 107 ஆண்டுகள். அதுவரை அவரை நினைவில் வைத்திருந்தது சிறு பத்திரிகைகளும் பௌத்த சங்கங்களும் கோலார் தங்கவயல் தொழிலாளர் குடும்பங்களும்தான்.

அம்பேத்கருடைய சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 டிசம்பர் 6 அன்று அவர் மாநிலங்களவை உறுப்பினர். நாடாளுமன்றத்தில் நேரு எழுந்து அஞ்சலி செலுத்தினார். இந்துச் சமூகத்தின் ஒடுக்குமுறைகளுக்கு எதிரான கலகத்தின் அடையாளம் என்ற கருத்தில் பேசினார். அவை ஒத்திவைக்கப்பட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டதால் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறியவரும் இதே அம்பேத்கர்தான். ஒரு மனிதரின் கோரிக்கைக்குத் தராத நேரத்தை அவர் சாவுக்குத் தருவது மன்றங்களுக்குக் கைவந்த பழக்கம். இதை நான் நேரு ஒருவரைக் குறைசொல்லச் சொல்லவில்லை, அவர் பேச்சில் உண்மை இருந்தது.

எழுந்து நிற்பதற்கும் உரிமை தருவதற்கும் உள்ள இந்த இடைவெளிக்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. இரண்டு நிமிட மௌனம் என்ற வழக்கமே ஒரு நகர மன்றத்திலிருந்து வந்ததுதான். 1918 மே மாதம் கேப் டவுன் நகர மேயர் ஹாரி ஹேண்ட்ஸ், போரில் மகனை இழந்த சில வாரங்களில், தினமும் நண்பகல் பீரங்கி ஒலித்ததும் நகரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று அறிவித்தார். ஒரு மன்ற உறுப்பினர் தந்த யோசனை அது. அதைப் பார்த்த பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் லண்டனுக்கு எழுத, 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் கடைப்பிடிக்க அரசர் ஆணையிட்டார். அங்கிருந்துதான் நம் பேரூராட்சிக் கூட்ட அறைவரை இந்த மௌனம் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே நாட்டில் அதற்கு ஓராண்டுக்கு முன்னால் நடந்தது இது. 1917 பிப்ரவரி 21 அன்று 'மெண்டி' என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் இன்னொரு கப்பல் மோதி மூழ்கியது. அதில் இருந்தவர்கள் பிரான்சில் போர்முனைக்கு மூட்டை தூக்கவும் பள்ளம் வெட்டவும் அழைத்துச் செல்லப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். துப்பாக்கி கொடுத்தால் திரும்பி வந்து உரிமை கேட்பார்கள் என்று அவர்களுக்கு ஆயுதம் தரவில்லை. செய்தி வந்ததும் மார்ச் மாதம் பிரதமர் லூயி போத்தா தலைமையில் தென்னாப்பிரிக்கச் சட்டமன்றம், வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த அந்த மன்றம், எழுந்து நின்று மரியாதை செய்தது. போர் முடிந்து பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் கொடுக்கும் நேரம் வந்தது. அந்தத் தொழிற்படையின் கறுப்பர்களுக்குப் பதக்கம் தர அதே நாட்டின் அரசு மறுத்துவிட்டது. எழுந்து நின்றதற்குச் செலவில்லை. பதக்கம் கொடுத்தால் ஒரு கறுப்பன் அதை மார்பில் குத்திக்கொண்டு தெருவில் நடப்பான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

2024 ஜூன் 18 இரவும் 19ஆம் தேதியும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூர் மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி, பிறகு கண் தெரியவில்லை. கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலுமாக 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் இருந்தார்கள், திருநர் ஒருவரும் இருந்தார். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள், தினக்கூலிகள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காலனி அது. மாதவச்சேரி, சேஷசமுத்திரம் பெயர்களும் சாவுப் பட்டியலில் வந்தன. சேஷசமுத்திரம் என்றால் 2015 ஆகஸ்டில் தலித்துகளின் தேர் எரிக்கப்பட்ட ஊர். அன்று அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்ட செய்தியாளர்கள் ஒன்பது ஆண்டு கழித்துத்தான் திரும்பவும் அதை உச்சரித்தார்கள்.

முதல் நாளில் மாவட்ட நிர்வாகம் இது கள்ளச்சாராயச் சாவு என்று ஒப்புக்கொள்ளவில்லை, வேறு உடல்நலக் காரணங்கள் சொல்லப்பட்டன. முதலில் இறந்தவர்களின் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. சாவுக்குக் காரணம் என்ன என்று உடனே ஊரறியச் சொல்லியிருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கிருந்துதான் எழுந்தது. சாவுச் சேதி சொல்வது வெறும் சடங்கு இல்லை. நம் முன்னோர் கால் நோக நடந்து செய்த வேலையில் ஒரு பொதுப்பயன் இருந்தது. அந்த வேலை அரசிடம் போனபோது அரசு அதைத் தாமதமாகச் செய்தது.

ஜூன் 20 அன்று சட்டமன்றம் கூடியது. பதவியில் இருக்கும்போதே ஏப்ரலில் மறைந்த விக்கிரவாண்டி உறுப்பினர் நா. புகழேந்திக்கும், ஜூன் 12 குவைத் தீ விபத்தில் இறந்தவர்களுக்கும், கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களுக்கும் பேரவை இரங்கல் தெரிவித்தது. உறுப்பினர்கள் எழுந்து மௌனம் காத்தார்கள். அவை அன்று ஒத்திவைக்கப்பட்டது. அதே நாளில் கோமுகி ஆற்றங்கரையில் சிதைகளை வரிசையாக அடுக்கி ஒரே இடத்தில் எரித்துக்கொண்டிருந்தார்கள். கோமுகி கல்வராயன் மலையில் பிறந்து நம் பக்கம் அணையில் தேங்கி, பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போகும் ஆறு.

சட்டமன்றம் எழுந்து நின்றதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1968 டிசம்பர் 25 வெண்மணியிலிருந்து எண்ணினால், தலித் சாவுக்கு ஓர் அவை மறுநாளே எழுந்து நிற்பது சாதாரணம் இல்லை. ஆனால் அந்த அவையில் ஓர் உறுப்பினர் தம் பெயரால் நினைக்கப்பட்டார், கருணாபுரத்தார் ஒரு சம்பவத்தின் பெயரால் நினைக்கப்பட்டார்கள். அன்று எண்ணிக்கை மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது, பட்டியல் முடிந்திருக்கவில்லை என்பது நியாயமான பதில். பட்டியல் முடிந்த பிறகு?

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்விச் செலவு, ஆட்சியர் மாற்றம், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம், ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம், ஜூன் 29இல் மதுவிலக்குச் சட்டத் திருத்தம், நவம்பரில் வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிய உயர்நீதிமன்ற உத்தரவு. இவற்றைப் பற்றித் தனியாகப் பேசலாம். இன்றைய பேச்சுக்குத் தேவையானது வேறு. அந்தப் பத்து லட்சம் அறிவிக்கப்பட்ட உடனே டீக்கடையிலும் கைபேசியிலும் கிளம்பிய கேள்வி, "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்பது. நிவாரணத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். எல்லோரும் சாதிப் புத்தியில்தான் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். குடியால் நொந்த பெண்களும் அதைக் கேட்டார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 2003இலிருந்து அரசே சில்லறைக்கு மது விற்கும் மாநிலம் இது. ஒரு குவார்ட்டருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாதவன்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். குடியினால் கல்லீரல் கெட்டு இறக்கும் பெரிய மனிதருக்கு இரங்கல் தீர்மானத்தில் 'உடல்நலக் குறைவால்' என்று எழுதுகிறோம். காலனிக்காரனுக்கு மட்டும் சாவின் காரணமே அவன் பெயராகிவிடுகிறது.

மலையும் அப்படித்தான் ஆனது. ஜூன் கடைசியில் தொலைக்காட்சியைப் பார்த்தவர்களுக்குக் கல்வராயன் மலை முழுக்க ஊறல் பானைதான் என்று தோன்றியிருக்கும். மலையில் சாராயம் காய்ச்சியது உண்மை. ஆனால் மெத்தனால் வெல்லத்திலும் கடுக்காய்ப் பட்டையிலும் காய்ச்சி எடுக்கும் பொருள் இல்லை, அது தொழிற்சாலைச் சரக்கு, லாரியில் வருவது. ஜாகிர்தார்களின் பிடியில் விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் உழன்ற மலையாளிப் பழங்குடிகளுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் ஏன் இல்லை என்று உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது 2024 ஜூலையில். கருணாபுரத்தில் அத்தனை பேர் இறந்த பிறகுதான் அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. பாம்பு கடித்தும் பிரசவத்திலும் டோலி கட்டித் தூக்கி வரும் வழியில் மலையில் இறந்தவர்களுக்கு எந்த மன்றம் எழுந்து நின்றது?

இனி ஒரு கசப்பான விஷயம். இயக்க மேடைகளிலும் இறந்தோரை வரிசைப்படுத்தும் பழக்கம் உண்டு. வெண்மணியின் 44 பெயர்கள் கல்லில் இருக்கின்றன. மேலவளவில் 'விடுதலைக் களம்' இருக்கிறது. 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் இறந்த 17 பேருக்கு ஆண்டுதோறும் மலர் தூவுகிறார்கள். 1978 ஜூலையில் நம் பழைய மாவட்டத்தின் விழுப்புரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள், அது இந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள், ஒரு மழைக்காலம் போனதும் பேச்சு குறைந்துவிட்டது. சாதி வெறியன் வெட்டிக் கொன்றால் தியாகி. சுவர் விழுந்தோ சாக்கடைக் குழியில் மூச்சு முட்டியோ சாராயத்திலோ இறந்தால் பாவப்பட்டவர். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால்தான் நமக்கும் நினைவு நாள் வருகிறது. கருணாபுரத்தாரை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் பல மேடைகள் அவர்களை விட்டுவிட்டன. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள தோழர்கள் இருக்கிறார்கள், குடியை மகிமைப்படுத்துவதாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஒருவரின் பெயரை வாசிப்பது அவர் குடித்ததை வாழ்த்துவது ஆகாது.

உறுப்பினராகிவிட்டால் மரியாதை வந்துவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. மேலவளவு முருகேசன் 1996 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர். 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து அவரையும் இன்னும் ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதுதான் கொலைக்குக் காரணம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 2006 வரை தேர்தலையே நடத்தவிடவில்லை. அந்த 2006இலேயே நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். 2020இல் நமக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். இறந்தவருக்காக எழுந்து நிற்பது மரியாதை என்கிறோம். உயிரோடு இருக்கும் தலைவருக்கு உட்காரவே இடம் இல்லாத மன்றத்தில் யார் யாருக்காக எழுந்து நிற்பார்கள்?

இவ்வளவும் சொல்லிவிட்டு இரங்கல் தீர்மானத்தை ஒரு கோரிக்கையாக வைப்பது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள். தீர்மானப் புத்தகம் அரசு ஆவணம், நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவர் அதைப் புரட்டுவார். அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று எழுதப்படும். நம் வரலாற்றை எழுதப்போனவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் அதுதான். இன்னொன்று, பெயர் சொல்லி ஒரு தீர்மானம் நிறைவேறினால் சாவின் காரணத்தையும் எழுத வேண்டிவரும். காரணத்தை எழுதினால் அடுத்த வரியில் பொறுப்பு வரும். போத்தாவின் மன்றம் எழுந்து நின்றதோடு நிறுத்திக்கொண்டது எதற்காக என்று இப்போது புரியும்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் கையில் இருந்ததைவிட இன்று நம் கையில் அதிகம் இருக்கிறது. உள்ளாட்சிகளில் நம் உறுப்பினர்கள் இடஒதுக்கீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2022இல் சென்னை மாநகராட்சிக்கே ஒரு தலித் பெண் மேயராக வந்தார். வார்டு உறுப்பினர் எழுத்தில் ஒரு பொருளைக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். கிராமசபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் நகராட்சிகள், வடக்கனந்தல், சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், மணலூர்ப்பேட்டைப் பேரூராட்சிகள், கல்வராயன் மலை ஊராட்சிகள், இவற்றில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். 1996 முதல் இன்றுவரை மன்றத்தில் நிறைவேறிய இரங்கல் தீர்மானங்களின் நகல், யார் பெயரில், எந்தத் தேதியில், எந்தத் தீர்மான எண். 2024 ஜூன், ஜூலைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு முழுவதும். காலனி மயானத்துக்கும் அதன் பாதைக்கும் அதே காலத்தில் ஒதுக்கிய தொகை. இந்த மூன்றையும் தனித்தனித் தலைப்பாகக் கேளுங்கள், சேர்த்துக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்ட வேண்டும், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. வரும் நகல்களை நம் மன்றத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.